பட்டியலில் இல்லாத பாட்டு

"அந்த ஊஞ்சல் பாட்டை இன்னிக்காவது போடுவீங்களா, மாட்டீங்களா?"

மேனேஜர் அம்மாள் கேட்டபோது காலை மணி ஒன்பது. மியூசிக் டைரக்டர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

மியூசிக் டைரக்டர் என்றால் ட்யூன் போடுகிறவர் இல்லை. அந்த வானொலி நிலையத்தில் எந்தப் பாட்டு, எத்தனை மணிக்கு, எதற்குப் பின்னால் என்று முடிவு செய்கிறவர். செய்திக்கு முன்னால் குத்துப்பாட்டு கூடாது, ஒரே குரல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தரம் வரக் கூடாது என்று ஏகப்பட்ட சட்டம் வைத்திருக்கும் மனுஷர்.

"மாட்டேன் மேடம்."

"பாடினவரே இன்னிக்கு வர்றார்! எந்த ரேடியோவுக்கும் பேட்டி கொடுக்காதவர், தானா போன் பண்ணி வர்றேன்னு சொல்லியிருக்கார். ஊரே முணுமுணுக்கிற பாட்டை நாம போடலைன்னா சிரிக்க மாட்டாங்க?"

"அவர் பாடினதுல வேற அஞ்சு எடுத்து வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் முத்து."

"காரணத்தைச் சொல்லுங்க சார்."

"பாட்டுப் பட்டியல் என் பொறுப்பு மேடம்."

"சரி. அதையே சாயங்காலத்துக்குள்ள எழுத்துல கொடுங்க. மேலிடத்துக்கு அனுப்பறேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வெளியே அறிவிப்பாளர் நின்றிருந்தாள். வேலையில் சேர்ந்து நாலு மாசம். குரலை வைத்து எல்லோரும் அவளை 'கணீர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு தினமும் பத்துப் பேராவது போன் செய்வார்கள். இல்லையென்று சொல்லித் திட்டு வாங்குவது அவள்தான்.

ஒலிப்பதிவாளர் அவள் காதைக் கடித்தார். "ரெண்டு பேரும் ஒரே மெல்லிசைக் குழும்மா. இவர் கீபோர்டு, அவர் பாட்டு. ஏதோ சண்டை வந்து ஒன்பது வருஷமா முகம் குடுத்துப் பேசறதில்லை. அவர் எங்கேயோ போயிட்டார், இவர் இங்கேயே உட்கார்ந்துட்டார். வயித்தெரிச்சல், வேறென்ன?"

கணீருக்குப் பொறுக்கவில்லை. நேராக உள்ளே போனாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஆள் மேல கோபம்னா பாட்டு என்ன பண்ணிச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"இப்ப ஓடற பாட்டுல இன்னும் நாற்பது செகண்டுதான் பாக்கி. மைக்குக்குப் போம்மா."

பதினோரு மணிக்குப் பாடகர் மனைவியோடு வந்தார். மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பேட்டி ஜோராகப் போனது. ஒரே குரல் சட்டத்துக்கு அன்றைக்கு மட்டும் விடுமுறை; நடுநடுவே அந்த ஐந்து பாட்டும் ஒலித்தன. சும்மா சொல்லக் கூடாது, எல்லாமே நல்ல தேர்வுதான். பாடகரே ஒரு பாட்டுக்கு, "இதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களா!" என்று ஆச்சரியப்பட்டார்.

முடியப் போகிற நேரம், மேனேஜர் கணீரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'ஊஞ்சல் பாட்டோடு முடி. நான் பார்த்துக்கறேன்.'

கணீர் உற்சாகமானாள். "நேயர்களே, நீங்க ஆசை ஆசையா கேட்ட பாட்டு, இதோ!"

புல்லாங்குழல் ஆரம்பித்தது. பாடகரின் முகம் வெளுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி எழுந்துவிட்டார்.

அடுத்த நொடி கதவைத் தள்ளிக்கொண்டு மியூசிக் டைரக்டர் உள்ளே வந்தார். கணீரின் கைக்குக் குறுக்கே கையை நீட்டி, பாட்டை நிறுத்தினார்.

ரேடியோவில் சத்தமே இல்லை. ஒரு செகண்டு... மூன்று... ஏழு. அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பிறகு வேறொரு பாட்டை ஓடவிட்டு, அவர் ஓரமாக நின்றுகொண்டார்.

மேனேஜர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "விருந்தாளி முன்னாடி இப்படியா சார்? இவ்வளவு பொறாமையா? இன்னியோட உங்க வேலை..."

"மேடம்," என்று பாடகர் எழுந்தார். "நான் வந்ததே இவனைப் பார்க்கத்தான்."

நேரே போய் மியூசிக் டைரக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "டேய்..." என்றார். பிடித்த கையை விடவில்லை.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார் இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அது நான் சொல்ற விஷயமில்லை மேடம். அவங்க வீட்டு விஷயம்."

பாடகரின் மனைவி உள்ளே வந்திருந்தார். மியூசிக் டைரக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணா, நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தோம். மத்த எந்த ரேடியோ வெச்சாலும் அந்தப் பாட்டு எப்ப வருமோன்னு பயந்து அணைச்சுடுவோம். ரெண்டு வருஷமா எங்க வீட்டுல பாட்டுன்னு ஒண்ணு கேக்குதுன்னா, அது உங்க ரேடியோவாலதான்."

"சொந்தப் பாட்டைக் கேக்கவா பயம்?" கணீரின் குரல் அன்றைக்குத்தான் அவ்வளவு மெல்ல வந்தது.

"பாட்டு முடியறப்ப ஒரு குழந்தை கலகலன்னு சிரிக்குமேம்மா? ஊர்ல எல்லாருக்கும் பிடிச்ச இடம்."

"ஆமா. எனக்கும்தான்."

"அது எங்க பொண்ணு. பாட்டு வந்த மூணாம் மாசம் காய்ச்சல்ல போயிட்டா. துக்கத்துக்குப் பழைய குழுக்காரங்க எல்லாரும் வந்தாங்க, அண்ணன் மட்டும் வரலைன்னு இவர் ரொம்பத் திட்டினார். ஆனா, வந்து ஆறுதல் சொன்ன அத்தனை பேர் வண்டியிலயும் அந்தப் பாட்டு ஓடிட்டு இருந்துச்சும்மா. அன்னியிலேருந்து அதை நிறுத்தினது, வராத இந்த ஒருத்தர்தான்."