வாசலில் ஓர் ஆம்பளைச் செருப்பு

ஆணில்லாத வீடுகளுக்கு அரசாங்கம் மாட்டிக் கொடுத்த பேசும் பெட்டியை, அந்த ஊரில் தங்கச்சிப் பெட்டி என்பார்கள். எல்லோரையும் அது வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடும். இருட்டினால் எவனோ கதவைச் சுரண்டுகிறான் என்று, வீட்டில் தனியாக இருந்த பூமயில் அதனிடம்தான் சொல்லி அழுதாள்.

“வாசல்ல ஒரு ஆம்பளைச் செருப்பு போட்டு வைங்கக்கா. வீட்ல ஆள் இருக்குன்னு பயந்துருவான்.”

சந்தையில் பெரிய செருப்பாகப் பார்த்து வாங்கி, சேற்றில் தேய்த்துப் பழசாக்கி வாசலில் விட்டாள். சுரண்டல் நின்றது. அடுத்த மாதம், மகளை விடுதியில் படிக்க வைத்துக்கொண்டிருந்த, ஆணில்லாத வீட்டுக்கான உதவித்தொகையும் நின்றது.

“ஏன் தங்கச்சி?”

“வீட்ல ஆம்பளை இருக்கறதா நான்தான் எழுதினேன்க்கா. வாசல்ல செருப்பு கிடக்குதே.”

“அடிப்பாவி, நீதானடி போடச் சொன்ன!”

“அது உங்க பாதுகாப்புக்கு. இது விதிமுறைக்கு. செருப்பை எடுத்துட்டா மறுபடி மனு போடலாம்க்கா.”

“எடுத்தா அவன் வருவானே?”

“கதவை நல்லா சாத்திக்கங்கக்கா.” அதே குழைவு, அதே பாசம்.

பூமயில் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றி, வாசலில் அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். மகளை நாளைக்கே விடுதியிலிருந்து கூட்டி வந்தாக வேண்டும்.

வெளியே பெட்டி குரல் கொடுத்தது. “அக்கா, இங்க செருப்பு கிடக்கு. வீட்ல யாருக்கா வந்திருக்காங்க?”

“ஆம்பளைதான்டி. நீ கூட்டிவந்து விட்ட ஆம்பளை. எழுதிக்கோ.”