நீல மருந்து

"பிள்ளை, வெட்டச் சொல்லி மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இந்தத் தேசிமரந்தான் எனக்குச் சோறு போடுது."

எலுமிச்சை ஊறுகாய்ச் சாடிகளுக்குப் பக்கத்தில், நோகிற முழங்காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள் மாக்கிறட். விவசாயப் போதனாசிரியை கிருஷாந்தினி கொப்பொன்றை வளைத்துப் பார்த்தாள். மாரியில் இலையெல்லாம் பற்றீரியாச் சொறி வந்தபோது, நீல மருந்தை அளந்து கொடுத்தவள் அவள்தான். சுகம் வராவிட்டால் வெட்டி எரிக்க வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

"அன்ரி, சொறி நிண்டிட்டுது. புதுப் புண் ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் இலை கொட்டுது?"

"மருந்து கூடிப்போச்சு. இலைக் கரையெல்லாம் கருகியிருக்குப் பாருங்கோ. இப்பிடியே போனா மரம் நோயால இல்லை, மருந்தாலதான் சாகும். சுகம் வரட்டுமெண்டு கூட அடிச்சனீங்களோ?"

"நீங்கள் சொன்ன அளவுதான், சொன்ன தவணைதான். அந்த மருந்துத் தாங்கியை முதுகில போட்டா எனக்கு இடுப்பே கழண்டு போகுது. இதில கூட அடிக்க எனக்கென்ன விசரோ?"

"ஒரு மரத்துக்கே இவ்வளவு களைப்பெண்டா, தோட்டம் வைச்சிருக்கிறவை என்ன செய்யிறது அன்ரி?"

சிரித்துக்கொண்டே இலையைத் தடவிய கிருஷாந்தினி சட்டென்று நிறுத்தினாள். விரலில் நீலம் ஈரமாக ஒட்டியிருந்தது.

"இது இண்டைக்குக் காலமை அடிச்சதெல்லோ!"

மாக்கிறட் காலைப் பூசைக்குப் போய் இப்போதுதான் வந்திருந்தாள். அவள் பார்வை வேலிப் பக்கம் போனது. அந்தப் பக்கம் அபூசாலியின் தேசித் தோட்டம். "உங்கட மரத்த வெட்டுங்க, என்ட மரத்துக்கெல்லாம் தொத்தப் போகுது" என்று அவர் மாரியில் கத்தியதோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை.

"அபூசாலி நானா! என்ட மரத்தைச் சாகடிக்கவோ களவா மருந்தடிக்கிறியள்?"

அபூசாலி வேலியருகே வந்தார். மறுக்கவில்லை.

"சாகடிக்கவா? வெட்டச் சொல்லிப்போட்டு எனக்கு நித்திரையே வரல்ல தங்கச்சி. இந்தக் காலோட நீங்க எங்க மருந்தடிக்கப் போறீங்க? அதான் நீங்க பூசைக்குப் போற நேரம் பார்த்து நானே வந்து அடிச்சன். உங்கட மரம் பிழைச்சாத்தானே என்ட மரமும் பிழைக்கும்."



கிருஷாந்தினி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "நானா, உங்கட மரங்களும் இதே மாதிரிக் கருகிக் கிடக்கே! அங்கயும் கூட அடிச்சனீங்களோ?"

"அல்லாவே, இல்ல மிஸ்! என்ட மரத்துக்கு நீங்க சொன்ன அளவுதான். அதுதான் எனக்கும் விளங்கல்ல."

மாக்கிறட் மெல்ல எழும்பி, சாடிகளை மூடுகிறவள்போலத் திரும்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜும்மாத் தொழுகைக்குப் போனதும் வேலியால் நுழைந்து, தன் மரத்து நோய் தொத்திவிடக் கூடாதென்று, அவருடைய ஒவ்வொரு மரத்துக்கும் தாங்கி தாங்கியாக மருந்தடித்த களைப்பு அந்த முழங்காலில் இன்னும் இருந்தது.