மழை பெய்தால் குடை

"வீடு தீப்பிடித்தால்..." என்று அவள் உரக்கச் சொல்லி முடிக்கவில்லை. அடுப்படியில் கரண்டி ணங்கென்று விழுந்தது.

"ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அம்மாதான். ஜப்பானிய வகுப்பில் சேர்ந்ததிலிருந்து மகள் வம்புக்கு அம்மாவை 'ஒகாஸான்' என்றே கூப்பிடுகிறாள். அம்மா என்று அர்த்தம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாளை நேர்முகத் தேர்வு. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நடக்காத ஒன்றை 'நடந்தால்' என்று சொல்லும் பாடம்தான் இன்னும் பிடிபடவில்லை. தமிழுக்கு ஒரு 'ஆல்' போதும். அந்த மகராசர்களுக்கு இடத்துக்கு ஒன்று வேண்டியிருக்கிறது.

ஜப்பானியத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சத்தமாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்பாள் ஆசிரியை. அவளுக்கென்ன, இந்த வீட்டில் உட்கார்ந்து படித்தாளா?

நிலநடுக்கம் வந்தால்.

"சிவசிவா."

பாஸ்போர்ட் தொலைந்தால்.

"தொலையும். இப்படியே சொல்லிக்கிட்டிரு."

ரயிலைத் தவறவிட்டால். அதற்கும் முணுமுணுப்பு. புத்தகத்தை எழுதியவன் வாழ்வில் நல்லதே நடந்ததில்லையோ என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. புத்தகத்தில் இல்லாதது. எல்லோரிடமும் கட்டாயம் கேட்பார்களாம்.

அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

வேலையை விட்டுவிட்டு வர மாட்டேன், ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஆள் யாரும் இல்லை.

கேள்வியையும் பதிலையும் ஜப்பானியத்தில் மட்டும் சொன்னாள். பதிலில் நாக்கு இரண்டு இடத்தில் இடறியது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு என்னட்டி அர்த்தம்?"

"மழ பெஞ்சா கொட எடுத்துட்டுப் போவேன்னு அர்த்தம். போதுமா? படிக்க விடும்மா."

அம்மா சேலை முந்தியில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"மழைக்கு ஒகாஸான் எதுக்கு வந்தா?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

அம்மா சாமி படத்தின் முன்னால் போய் விளக்கை ஏற்றினாள். திரியைத் தூண்டிவிட்டாள். திரும்பி வந்து அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"பதில்ல திக்குத. இன்னொருக்கா சொல்லு."