கீழ்வீடு வரை கேட்கும் பெட்டி

மாலை வெயில் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து கிடக்கிறது. துணிக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாக இருக்கும் முதலாளி, தானே செய்த கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியின் மூட்டுக்கு நேரே மெழுகுவத்தியை நிறுத்தி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் அழுத்துகிறார். பெட்டி அளவில் ஒரு தண்ணீர்க் குடத்தில் பாதிகூட இல்லை. த்ரீ-டி பிரிண்டர் இழை இழையாக எழுப்பிய சுவரைத் தடவினால் கோடு போட்ட துணி மாதிரி நெருடுகிறது. ஒட்டிய இடத்தில் காற்று கசிந்தால் சுடர் ஆடும். ஆடவில்லை. எதிரே துடைத்து வைத்த இன்னொரு நாற்காலி. அதில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். இத்தனை பாடுபடுவதும் அதற்குத்தான். மெழுகுவத்தியைப் பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியேறும் குழாய் வாய்க்கு முன்னால் நகர்த்திவிட்டுப் பாட்டைப் போடுகிறார். முதல் தாள அடியிலேயே பெட்டி அதை ஊதி அணைக்கிறது. அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சு விடுகிற ஒரே பொருள். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, டம்ளர் தண்ணீரில் வட்டம் விரிகிறது. கீழ்வீட்டுத் தையற்காரம்மாவின் குரல் ஜன்னல் வழியே ஏறி வருகிறது.

"அண்ணே, மாடியில யானைக்கு இருமலா?"

"நானே செஞ்ச ஸ்பீக்கரும்மா! மேல வந்து கேட்டுப் பாரேன்."

"இங்கயே நல்லாத்தானே கேக்குது! அலமாரியில டப்பா எல்லாம் ஆடுது. இதுக்கு மாடி வேற ஏறணுமா?"

சிரிப்போடு அந்த ஜன்னல் சாத்திக்கொள்கிறது. சரக்கையெல்லாம் தெருவிலேயே விரித்துவிட்டால் கடைக்குள் யார் வருவார்கள்? அவர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறார். திரும்பி வந்து, சத்தம் எதிர் நாற்காலியோடு நின்றுவிடும் அளவுக்குக் குமிழைத் திருகிக் குறைக்கிறார்.