முயல் மேடம்

"முகத்தையே பார்க்காம ஆறுதல் சொல்றதாம்! கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போடற மாதிரி இருக்கு" என்று மூக்கைச் சிந்தாத குறையாகப் புலம்பினாள், கல்லூரியின் கவுன்சிலர்களில் ஒருத்தியான மேடம்.

முதல்வர் அசையவில்லை. "நேர்ல வரச் சொன்னா ஒரு பிள்ளையும் உங்க ரூம் பக்கம் தலைவெச்சுப் படுக்கிறதில்லையே, மேடம்."

அதுவும் சரிதான். அந்தக் கதவுக்குள் போய்வந்தாலே, 'என்னடா, கழண்டுடுச்சா?' என்று கேன்டீனே கேட்கும்.

ஆகவே, மேடம் இப்போது விஆர் என்னும் மெய்நிகர் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளை முயலாக உட்கார்ந்திருந்தாள். குரலும் முயலுக்கேற்றபடி கருவி மாற்றித் தரும் கீச்சுக்குரல். வேறொரு அறையிலிருந்து பேசும் மாணவன், எதிரே கட்டைக்குரல் கரடி. முயல் எந்தக் கவுன்சிலர், கரடி எந்த மாணவன் என்று இருவருக்கும் தெரியாது. அதுதான் ஏற்பாடு.

"சொல்லுப்பா, என்ன பிரச்சினை?"

"எங்கம்மாதான்."

"ரொம்பத் திட்டுவாங்களா?"

"திட்டவே மாட்டாங்க, மேடம்! அவங்களும் உங்கள மாதிரி கவுன்சிலர். நேத்து தட்டைப் போட்டு உடைச்சேன். 'இப்ப உன் மனசுக்குள்ள என்ன ஓடுது'ன்னு கேட்கிறாங்க!"

முயலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடைந்தது தன் வீட்டுத் தட்டல்லவா! இதே கல்லூரியில் படிக்கும் தன் அருமை மகனல்லவா இந்தக் கரடி!

எழுந்து போய்விடலாமா? தொழில் தர்மம் போகச் சொன்னது. பெத்த வயிறு கேட்கவில்லை. வீட்டில் 'ம்', 'ம்ஹும்' தவிர வேறு பேசாத பிள்ளை இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறான்.

"பாவம், அம்மா நல்லவங்களாத்தானே தெரியுது?" என்றாள், தன்னை விட்டுக்கொடுக்காமல்.

"நல்லவங்கதான். அதுக்காக வீட்டுக்குள்ளயும் கவுன்சிலராவே இருந்தா எப்படி? மூணு பாடத்துல ஃபெயில் மேடம். சொன்னா, 'தோல்வியும் ஒரு அனுபவம்'னு தலையைத் தடவுவாங்க. நான் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லையோன்னு பயமா இருக்கு."

முயலுக்குத் தெரிந்த நல்ல பதில்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது.

"மூணு பாடமாடா? கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கிறேன் படிக்கிறேன்னியே, என்னத்தடா படிச்சே? எருமை! வீட்டுக்கு வா, முதுகுத்தோலை உரிக்கிறேன்!"

கீச்சுக்குரலில் அலறிய முயலைப் பார்த்துக் கரடி விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அதன் குரல் கம்மியது.

"அப்பாடா! இன்னிக்கு முயல் உன் முறைன்னு தெரிஞ்சுதானேம்மா வந்தேன். வீட்டுல உன்கிட்ட திட்டு வாங்க முடியலையே!"