துணி கட்டிய டப்பாக்கள்

"அக்கா, அம்மா கண்டுபிடிச்சிருவாங்களா?"

தலை துவட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "என்னடி பண்ணித் தொலைச்சே?"

சின்னவள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"அம்மாவோட கோதுமை மாவு டப்பாவுல கை வெச்சிட்டேன்."

அக்காவின் கையிலிருந்து துண்டு நழுவியது.

மாவு ஆலையில் அம்மாவின் மூக்குக்குத்தான் சம்பளம். லாரியில் வந்து இறங்கும் கோதுமையை முகர்ந்து, என்ன ரகம், எதில் எது கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மணம் தரும் பொருள்கள் ரகத்துக்கு ரகம் வேறாம். மூக்கைப் பழக்கி வைத்துக்கொள்ள வீட்டிலும் மூன்று டப்பாக்கள்: சிவப்பு, வெள்ளை, சம்பா. மாவின் நிறத்தைப் பார்த்துக் கண் முந்திக்கொள்ளக் கூடாதென்று, டப்பாக்களின் வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தாள்.

நாளைக்கு ஆலையில் மூக்குப் பரிசோதனை. தவறினால் வேலை போய்விடும்.

"நேத்து பாலைத் தீய விட்டே, இன்னிக்கு இதுவா? நான் ஒரே ஒரு தடவை சென்ட் அடிச்சுட்டு வந்ததுக்கு, தெருமுனையிலயே மோப்பம் பிடிச்சு வாசல்ல நிக்க வெச்சாங்க. உன்னை உப்புக்கண்டம் போட்டுருவாங்க!"

"போடட்டும்."

"திமிரைப் பாரு! கொட்டிட்டியா? மாத்தி வெச்சிட்டியா? சொல்லித் தொலை!"

வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டது. சின்னவள் எழுந்து அறை வாசலுக்கு ஓடினாள்.

அம்மா கை கழுவிவிட்டு நேராக மேஜைக்குப் போனாள். டப்பாக்களை வரிசையாக வைத்தாள். இரண்டு பெண்களும் அறை வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சிவப்பு. ஈரப் புல்லு வாசனை."

சின்னவள் நகத்தைக் கடித்தாள்.

"வெள்ளை. லேசா தேன்."

மூன்றாவது டப்பாவை மூக்கருகே கொண்டுபோன அம்மா, நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு முறை முகர்ந்தாள். சின்னவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ம்... சம்பா. வேர்க்கடலைத் தோல். எல்லாம் சரியா இருக்கு." அம்மா நிமிர்ந்தாள். "ரெண்டு பேரும் ஏன் திருதிருன்னு முழிக்கறீங்க? போய்ப் படிங்க."

அறைக்குள் வந்ததும் அக்கா கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாள். "பொழைச்சேடி! உன் அதிர்ஷ்டம் யாருக்கு வரும்?"

சின்னவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"லூசு, அதான் மாட்டிக்கலையே! அப்புறம் என்ன அழுகை?"

"நேத்து பால் தீஞ்சப்போ அம்மா அடுப்புக்குப் பக்கத்துலதான்க்கா நின்னுட்டிருந்தாங்க, திரும்பிக்கூடப் பாக்கலை. அதான் இன்னிக்கு... கண்டுபிடிச்சுத் திட்டிருவாங்கன்னு நம்பினேன்க்கா."

"எதைக் கண்டுபிடிச்சு?"

"மூணு டப்பாவுலயும் நான் போட்டு வெச்சது அரிசி மாவுக்கா."