எல்லாம் பதிவாகட்டும்

"பதிவைக் குறைச்சு வச்சது யாருன்னு முதல்ல கேளுங்க சார்" என்று ஒயர்மேன் ஆரம்பித்தபோது, பெரிய அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கிளை அலுவலகம் ஒன்று காலையிலிருந்து அவரைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் அவர்களுடைய நெட்வொர்க் இணைப்பு அரை நாள் படுத்துவிட்டது. இந்த அறையிலிருந்து யாரோ தப்பான கட்டளையை அடித்திருக்கிறார்கள். கீபோர்டு தட்டுகிற யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாக் கிளைகளின் இணைப்பையும் இங்கே உட்கார்ந்தபடியே ஆட்டிவைக்கிற கறுப்புத் திரை புரோகிராம் அது. பட்டன் கிடையாது, படம் கிடையாது. கட்டளையை அடித்தால் வேலை நடக்கும். யார் உள்ளே வந்தார், என்ன அடித்தார் என்று அதுவே பதிந்துகொள்ளும். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும்.

எவ்வளவு பதிய வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் பதியலாம், எச்சரிக்கைகளைப் பதியலாம், பெரிய கோளாறுகளை மட்டும் பதியலாம். பிரிவுத் தலைவியான மேடம் அதைக் கடைசிப் படிக்கு இறக்கிவைத்திருந்தார். அதனால் நேற்று யார் என்ன அடித்தார் என்பதற்குத் தடயமே இல்லை. அதை இன்று காலை கண்டுபிடித்தவர் ஒயர்மேன்.

ஒயர்மேனுக்கு இப்போது ஒயரோடு சம்பந்தமில்லை. ஏணி மேல் நின்று ஒயர் இழுத்தே பாதி ஆயுள் போய், எந்த ஒயர் எங்கே போகிறது என்று மனப்பாடமானபின், திரைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவர். பழைய தலைவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கடைசியில் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தது மேடம். ஒயர்மேனின் மகள் வயசு.

அன்று அவர் சண்டை போடவில்லை. தன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக்கொண்டார். தினமும் காலையில் அதை அடிக்கும்போது வயிற்றில் ஒரு குளிர்ச்சி. அதற்கு மேல் அவரால் முடிந்தது ஒன்றுமில்லை.

அதையும் ஒழுங்காக அடிக்க முடிவதில்லை. கண் மங்கல். பெயர் கேட்கிற இடத்தில் பாஸ்வேர்டை அடித்துவிடுவார். புரோகிராம் தப்பு என்று சொல்லும். முணுமுணுத்துக்கொண்டே முதலிலிருந்து அடிப்பார். பாதி நாள் இப்படித்தான்.

அதிகாரி மேடத்தைக் கூப்பிட்டு, பதிவை ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டார்.

மேடம் ஒருமுறை ஒயர்மேனைப் பார்த்தார். "டிஸ்க் நிறைஞ்சுடுது சார்."

"கேட்டா வேற டிஸ்க் வாங்கித் தரமாட்டேனா?"

நேற்று அடித்ததே இவராகத்தான் இருக்கும், அதை மறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஒயர்மேன் எடுத்துக்கொடுத்தார். மேடம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நன்றாகத் தூங்கி நாளாகிவிட்ட முகம்.

நாளைக்குள் விளக்கம் வேண்டும், சரியாக இல்லாவிட்டால் இந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன் என்றார் அதிகாரி. ஒயர்மேனின் முதுகு நிமிர்ந்தது.

"நீங்களே மாத்துங்க பெரியவரே. இனிமே எல்லாம் பதிவாகட்டும். சுவர்ல இருக்கிற பெரிய திரையிலயும் ஓடட்டும், எல்லாரும் பார்க்கட்டும்" என்று அவர் பக்கம் திரும்பினார் அதிகாரி.

ஒயர்மேன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். தப்பில்லாமல் அடித்தார். மாற்றம் அமலுக்கு வர வேண்டுமானால் வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். வெளியே வந்தார்.

மேடம் சட்டென்று கீபோர்டுக்குக் கை நீட்டினார். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. நான் உள்ள போயிடறேன்."

"ஏன், இந்த நாற்காலியும் வேணுமா?"

மேடம் கையை எடுத்துக்கொண்டார்.

ஜெயித்த அவசரத்தில் ஒயர்மேன் மடமடவென்று தட்டினார். சுவர்த் திரையில் முதல் பதிவு விழுந்தது. அவருடைய மேசை எண், 'இப்படி ஒரு பெயர் இல்லை' என்ற குறிப்பு, அதை ஒட்டி ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நாற்... காலி... திருடி. நாற்காலி திருடியா? யாருய்யா அது?"

ஒயர்மேனுக்குக் காது இரண்டும் சுட்டது.

"சோதனைக்காக நான் வச்ச பேரு சார்" என்றார் மேடம். "அடிச்சுப் பார்க்கச் சொன்னதும் நான்தான்."

"இந்த விளையாட்டு வேறயா? இதையும் அந்த விளக்கத்துல சேர்த்து எழுதுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே அதிகாரி கிளம்பிவிட்டார்.

மேடம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒயர்மேன் எழுந்து போய் எதிரில் நின்றார்.

"வந்த மறுநாளே பதிவுல பார்த்துட்டேன் அண்ணே. தலைமை ஆபீஸ்ல யாராவது படிச்சா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் குறைச்சு வச்சேன்" என்றார் மேடம், கண்ணைத் திறக்காமலே. "இன்னைக்கே பாஸ்வேர்டை மாத்திடுங்க. இனிமே எல்லாம் பதிவாகும்."